மலையில் ஒரு ஊர், அடிவாரத்தில் ஒரு ஊர்

அன்புள்ள ஐயா,

நான் கோவைப் பக்கம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்காக இத்தாக்காவுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் ஒரு வருடம் பாக்கி. அறை, ஆய்வகம், நூலகம் என்றே நாட்கள் போகின்றன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நம்மவர்கள் கூடுவோம். சாப்பாடு, இரண்டு பாட்டு, போட்டோ. மறுநாள் பழையபடிதான்.

ஊரில் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். போன வருடம் ஆப்பிள் திருவிழாவுக்குப் போனேன். கூட்டத்தோடு கூட்டமாக நடந்து, ஒரு டோனட் வாங்கித் தின்றுவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பினேன். அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் யாரையும் தெரியவில்லை. ‘இரண்டு வருடத்தில் மூட்டை கட்டப்போகிறவனுக்கு ஊர்க்காரியம் எதற்கு?’ என்கிறான் அறைத்தோழன். அவன் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. படிக்க வந்த இடத்தில் இதெல்லாம் நேர விரயமா?

சிறுவயதில் மிருதங்கம் கற்றேன். ஆசையாகக் கொண்டுவந்தது கட்டிலுக்கடியில் உறையோடு கிடக்கிறது. நீங்கள் இந்த ஊரில் சில காலம் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)
இத்தாக்கா, நியூயார்க்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அறைத்தோழர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2020 கணக்கெடுப்பின்படி இத்தாக்கா நகரத்தின் மக்கள்தொகை சுமார் 32,000. மலைமேல் இருக்கிற கார்னெலில் மட்டும் 25,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். தெற்கு மலையில் இத்தாக்கா கல்லூரி வேறு இருக்கிறது. மூட்டை கட்டப்போகிறவர்களை எல்லாம் கழித்துவிட்டால் அந்த ஊரில் பல காரியங்களுக்கு ஆள் இருக்காது. நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள் என்று தெரிந்தேதான் அங்கே எல்லாவற்றையும் அமைத்திருக்கிறார்கள்.

நீங்கள் தினமும் கேட்கிற மணியோசையையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்னெல் திறக்கப்பட்ட 1868 அக்டோபர் 7 அன்று ஒன்பது மணிகளோடு தொடங்கியது அது. இன்று மெக்ரா கோபுரத்தில் 21 மணிகள். மரநெம்புகோல்களைக் கையால் அழுத்தி, மிதிகளைக் காலால் மிதித்து அவற்றை வாசிக்கிறவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். ஒவ்வொரு வருடமும் போட்டி வைத்துப் புதியவர்களை எடுக்கிறார்கள். பழையவர்கள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இப்படித்தான் ஒன்றரை நூற்றாண்டாக அந்த மணி ஒலிக்கிறது. கச்சேரி நேரத்தில் யார் வேண்டுமானாலும் 161 படி ஏறிப்போய் அருகில் நின்று பார்க்கலாம், காசு கிடையாது. ஒரு வருடம் அதன் கீழே நடந்திருக்கிறீர்கள். நாளைக்கே ஏறிவிடுங்கள்.

ஆப்பிள் திருவிழாவில் நீங்கள் தனியாக உணர்ந்ததில் உங்கள் குறை எதுவும் இல்லை. திருவிழாச் சந்தையில் விற்கிறவர், வாங்குகிறவர் என்று இரண்டே வகை ஆட்கள். வாங்கியதும் வாங்குகிறவரின் வேலை முடிந்துவிடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகிற கூட்டத்தில் யாரும் யாருக்கும் பழக்கமாவதில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கிற காரியமாக, அதிலும் கைவேலைக்கு இடமிருக்கிற காரியமாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லா நோட்டீஸையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒன்று போதும்.

எனக்குத் தெரிந்தவற்றில் முதலில் சொல்வேன் என்றால் புத்தக விற்பனையைத்தான். டாம்ப்கின்ஸ் மாவட்ட நூலக நண்பர்கள் அமைப்பு, எஸ்டி தெருவிலுள்ள கிடங்கில் வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் அக்டோபர் மாதமும், பழைய புத்தகங்களை விற்கிறது. முதல் நாள் காலையில் வரிசை தெருவில் நீண்டு நிற்கும். நாளுக்கு நாள் விலை இறங்கும். கடைசியில் பை நிறைய அள்ளிக்கொண்டு சில்லறை கொடுத்தால் போதும் என்கிற நிலைக்கு வந்துவிடும். வருமானம் நூலகங்களுக்குப் போகிறது. இதெல்லாம் வாங்கப் போகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். விற்பனை இல்லாத மாதங்களில் அந்தக் கிடங்கில் நடப்பது பலருக்குத் தெரியாது. ஊர்க்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் பெட்டிகள் வந்தபடியே இருக்கும். தொண்டர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, முதுகை நீவி, பூசணம் இருக்கிறதா என்று முகர்ந்து, உள்ளே யாராவது கடிதத்தையோ ரசீதையோ வைத்து மறந்திருக்கிறார்களா என்று ஏடுகளை விசிறிப் பார்த்து, வகைவாரியாக அடுக்குவார்கள். நதிகளைப் பற்றிய புத்தகம் புவியியலில் போகுமா, சூழலியலில் போகுமா என்று இரண்டு பேர் கையில் புத்தகத்தோடு நெடுநேரம் விவாதிப்பதைப் பார்த்திருக்கிறேன். பேராசிரியர் ஒருவர் காலமானால் அவருடைய நூலகம் முழுதாக வந்து இறங்கும். ஓரங்களில் பென்சில் குறிப்புகளோடு ஒரு ஆயுள்காலப் படிப்பு அப்படியே கைக்கு வரும். மலைமேல் இருக்கிற எந்த வகுப்பறையிலும் உங்களுக்கு இது கிடைக்காது.

அந்த மேசையில் இரண்டு மணிநேரம் நின்றால் பேச்சு தானாக வரும். ‘எந்த ஊர், என்ன படிக்கிறாய்’ என்று விசாரித்து முடித்ததும் பேச்சு நின்றுபோகிற சங்கடம் அங்கே இல்லை. கையில் வேலை இருக்கிறதே. நம் ஊரில் கல்யாண வீட்டில் காய் நறுக்க உட்கார்ந்தவர்கள் முகூர்த்தத்துக்குள் உறவாகிவிடுவது போலத்தான் இதுவும்.

இதே தன்மையுள்ள இன்னொரு இடம் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் 1983 முதல் நடக்கிற லோவ்ஸ் அண்ட் ஃபிஷஸ் சமையற்கூடம். யார் வந்தாலும் சூடாகச் சாப்பாடு போடுகிறார்கள். வருமானம் என்ன, மதம் என்ன என்ற கேள்வியே கிடையாது. வடலூர்த் தருமசாலையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே பரிமாறுகிறவரும் சாப்பிடுகிறவரும் ஒரே மேசையில் உட்காருவதைப் பார்ப்பீர்கள். பேராசிரியர்களும் ஆப்பிள் தோட்டங்களும் மட்டும் சேர்ந்தது அல்ல இத்தாக்கா. மாணவர்கள் வந்து குவிவதால் வாடகை ஏறி, அதைக் கொடுக்க முடியாமல் திணறுகிற குடும்பங்களும் அங்கே இருக்கின்றன. நாம் அந்த ஊரில் தங்குவதற்கான விலையில் ஒரு பங்கை அவர்களும் கொடுக்கிறார்கள். ஊர்க்காரியத்தில் கைகொடுப்பதை நேர விரயம் என்று என்னால் சொல்ல முடியாததற்கு இது முக்கியமான காரணம்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் மாணவர் விசாவில் இருப்பவர். இலாப நோக்கமற்ற அமைப்பில் தொண்டு செய்வதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஆனால் மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வாங்கும் வேலையை நீங்கள் சம்பளமில்லாமல் செய்தால்கூட விதிமீறலாகலாம். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இப்போது மே மாதம். பட்டமளிப்பு முடிந்ததும் ஊர் ஒரே நாளில் காலியாகும். பலர் அதைச் சோர்வான காலம் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மாணவர்கள் கிளம்பியபின், மே கடைசி, ஜூன் தொடக்க வாக்கில்தான் இத்தாக்கா தன் சொந்தத் திருவிழாவை வைத்துக்கொள்கிறது. அதன் ஊர்வலத்தில் பாலே உடை கட்டிக்கொண்டு வோல்வோ கார்களோடு சேர்ந்து ஆடும் ஒரு குழு உண்டு. தாடி வைத்த ஆண்கள்கூட அந்தக் குட்டைப் பாவாடையில் மகிழ்ச்சியாக ஆடிக்கொண்டு போவார்கள். பள்ளிப் பிள்ளைகள், தொழிற்சங்கக்காரர்கள், தெரு இசைக்குழுக்கள் என்று எல்லாரும் நடப்பார்கள். கோடையில் ஆய்வகத்தில் தங்கப்போகிறீர்கள் என்றால் இதைத் தவறவிடாதீர்கள். அடிவாரத்து ஊர் மலைமேலிருப்பவர்களுக்காக இல்லாமல் தனக்காகவே கூடுகிற நாள் அது.

சனிக்கிழமைகளில் ஏரிக்கரையில் உழவர் சந்தை இருக்கிறது. 1973இல் தொடங்கியது. 30 மைலுக்குள் விளைந்ததையும் செய்ததையும் மட்டுமே விற்கவேண்டும் என்பது விதி. விற்கிறவர்களே உறுப்பினர்களாக இருந்து நடத்துகிறார்கள். கயூகா ஏரியின் தண்ணீர் தெரிய, மரக்கொட்டகைக்குள் நடந்தால் கீரையும் தேனும் கம்போடியச் சோறும் கிடைக்கும். ஒரே கடையில் தொடர்ந்து வாங்குங்கள். நாலாவது வாரம் அந்த விவசாயி மழையைப் பற்றி உங்களிடம் பேச ஆரம்பிப்பார்.

தமிழ்க் கூடுகைகளை விட்டுவிடச் சொல்லவில்லை. அந்நிய மண்ணில் வீட்டுச் சாப்பாடும் வீட்டுப் பேச்சும் கிடைக்கிற இடத்தை இழக்கக்கூடாது. பொங்கலுக்குப் போகும்போது ஆய்வகத்தில் அருகில் உட்காருகிறவரையும் அழைத்துப் போங்கள்.

மிருதங்கத்துக்கு வருகிறேன். 2007இல் ஃபால் கிரீக் பகுதியில் கிரெட்சன் ஹில்ட்ரெத், லெஸ்லி கிரீன் என்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர், வீட்டு வெளியில் உகுலேலே என்ற சின்ன கிட்டாரை வாசித்ததிலிருந்து பேச்சு வளர்ந்து தொடங்கியது போர்ச்ஃபெஸ்ட். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்காரர்கள் தங்கள் முன்திண்ணையை விட்டுக்கொடுப்பார்கள். கலைஞர்கள் காசு வாங்காமல் வாசிப்பார்கள். சனம் கையில் வரைபடத்தோடு தெருத்தெருவாக நடந்து கேட்கும். மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. கேட்பவர் புல்தரையில், வாசிப்பவருக்கு நான்கடி தள்ளி உட்கார்ந்திருப்பார். அமெரிக்காவில் இன்று பல ஊர்களில் நடக்கும் இந்த வழக்கம் பிறந்தது உங்கள் அறையிலிருந்து நடந்துபோகிற தூரத்தில்தான்.

திண்ணைக் கச்சேரி நமக்குப் புதிதா என்ன? கோடையிலேயே பதிவு செய்துவிடுங்கள். திண்ணை இல்லையென்றால் இருக்கிறவரோடு சேர்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பக்கவாத்தியமாக வாசிக்கப் பாடகரோ வயலினோ வேண்டுமென்றால் மலைமேலேயே தேடலாம், கர்நாடக இசை படித்துவிட்டு வந்த பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். கிடைக்கவில்லை என்றால் பக்கத்துத் திண்ணையில் பான்ஜோ வாசிக்கிறவரோடு ஆதி தாளத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் உறையைக் கழற்றி வாரைச் சோதியுங்கள். ஹீட்டர் ஓடுகிற அறையில் ஒரு குளிர்காலம் கிடந்த மிருதங்கத்தின் தோல் வறண்டிருக்கும். அதைச் சரிசெய்ய ஆள் தேட இத்தாக்காவில் கொஞ்சம் சிரமப்படுவீர்கள், இப்போதே விசாரிக்கத் தொடங்கினால்தான் செப்டம்பருக்குள் ஆகும்.