அப்பா இறந்து நான்கு நாள் ஆகிறது. அவருடைய ஏடிஎம் கார்டில் காரியச் செலவுக்குப் பணம் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள். பின் நம்பர் தெரிந்திருந்தாலும், அம்மாவே "எடுத்துக்கோப்பா" என்று சொன்னாலும் எடுக்காதீர்கள். கைமாற்று வாங்குங்கள், இருக்கிற நகையை அடகு வையுங்கள். அந்தக் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

வக்கீல்கள் யாராவது படித்தால் சண்டைக்கு வர வேண்டாம், நான் பாத்திரக்கடை வைத்திருப்பவன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கணக்குக்காரர் கண்ணை மூடியதுமே அந்தப் பணம் வாரிசுகள் எல்லோருக்கும் பொது. அதை ஒருவர் மட்டும் போய் எடுத்து, மற்றவர் புகார் கொடுத்தால் எடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். காரியச் செலவுக்குத்தானே என்பதெல்லாம் அப்புறம்.

உங்கள் கேள்வியின் கடைசியில், "எனக்கும் அக்காவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியால்தான் கடையை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா ஆரம்பப் பள்ளி ஆசிரியர், ஊர் சங்கரன்கோவில் பக்கம். 2017இல் ஓய்வு பெற்றார், 2019 மே மாதம் ஒரு விடிகாலையில் போய்விட்டார். அம்மா பீரோவைத் திறந்து கார்டை என் கையில் கொடுத்தாள். ஐஸ் பெட்டிக்காரருக்கு முன்பணம், பந்தலுக்கு முன்பணம். என் கையில் இரண்டாயிரம்கூட இல்லை. அன்றைக்கு இருபதாயிரம் எடுத்தேன். ஒரு நாளைக்கு அவ்வளவுதான் வரும் என்பதால் மறுநாள் காலையில் இன்னொரு இருபதாயிரம்.

அந்த மறுநாள்தான் வினை. தங்கை முந்தின நாள் சாயங்காலமே வந்துவிட்டிருந்தாள். 2014இல் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டவள். ஐந்து வருடம் அப்பா அவள் பேரை வீட்டில் எடுக்கவிட்டதில்லை. வாசல் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவின் போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல என்று நாங்கள் நினைத்தோம். தன் நம்பர் அதில் இருக்கிறதா என்றுதான் தேடியிருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அவள் கையில் இருக்கும்போதே 'டிங்' என்று மெசேஜ் வந்தது. ரூபாய் 20,000 எடுக்கப்பட்டது. மேலே தள்ளிப் பார்த்தால் முந்தின நாள் காலை 5.52க்கு இன்னொன்று.

நான் பணத்தோடு வாசலில் வந்து நிற்கிறேன். சித்தப்பா, அத்தைமார், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

"எனக்குப் போன் போட்டதே ஆறரைக்குத்தானே அண்ணே. அதுக்கு முன்னாடியே பேங்குக்குப் போயிட்டியா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அடுத்த கேள்வி வந்தது.

"ஒனக்கு எப்படி அப்பா பின் நம்பர் தெரியும்?"

சரி, இதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி. கடைசி மூன்று வருடமும் மாதம் பிறந்தால் கார்டை என்னிடம் கொடுத்துத்தான் பணம் எடுத்துவரச் சொல்வார். (அப்படிக் கொடுப்பதே வங்கி விதிப்படி தப்பு. தெரியும். ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான் நடக்கிறது.) நம்பரை வாயால் சொன்னார், நானும் மனப்பாடம் செய்துகொண்டேன், யோசிக்கவில்லை. ஒரு ஆடி மாதம், அம்மா யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் கோமதி அம்மன் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். என்ன விசேஷம் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. அன்று மதியம் ஏடிஎம்மில் நாலாவது எண்ணை அழுத்தும்போதுதான் எனக்கு உறைத்தது. தேதியும் மாதமும். தங்கை பிறந்த நாள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாள், அப்பா உயிரோடு இருக்கும்போதே எல்லாம் சரியாகியிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் கௌரவமான காரணம் எதுவும் என்னிடம் இல்லை. வீட்டோடு இருந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவன் நான், மாத்திரை வாங்கிவந்தவன் நான், நம்பர் மட்டும் அவளுடையது. அதுதான்.

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால், "அப்பாதான் சொன்னார்" என்று மட்டும் சொன்னேன். என்ன நம்பர் என்று அவள் கேட்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்ததும் செலவுக் கணக்கு நோட்டை அவள் முன்னால் வைத்தேன். ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி, மேளம், சமையல் எல்லாம் பைசா சுத்தமாக எழுதியிருந்தேன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நோட்டில் எனக்கு இன்றைக்கும் எரிகிற ஒரு வரி உண்டு: பிளக்ஸ், 1,800 ரூபாய். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைக்காவிட்டால் மரியாதை இல்லையாம், சித்தப்பா பிடிவாதம். வாழ்நாள் முழுக்க வேட்டி, அரைக்கைச் சட்டையைத் தவிர வேறு உடுத்தாத மனிதருக்குக் கடைக்காரர் நீலக் கோட்டும் டையும் மாட்டிவிட்டார். பின்னால் பனிமலை வேறு. மூன்று மாதம் முச்சந்தியில் தொங்கி, மழையில் கிழிந்து, கடைசியில் ஒரு ஆட்டுக் கொட்டகைக்குக் கூரையானது. உயிரோடிருந்தால் கடைக்காரரை முட்டிபோட வைத்திருப்பார். உங்களிடம் யாராவது பிளக்ஸ் என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். முதலில் இறப்பைப் பதிவு செய்யுங்கள், 21 நாளுக்குள் செய்தால் அலைச்சல் இல்லை. இறப்புச் சான்றிதழ் கையில் வந்ததும் வங்கிக்குப் போய் நாமினி (தனக்குப் பிறகு பணத்தை வாங்கிக்கொள்ள அப்பா கணக்கில் பேர் கொடுத்த ஆள்) யார் என்று கேளுங்கள். நாமினி இருந்தால் சான்றிதழ், அவருடைய அடையாள அட்டை, வங்கி தரும் விண்ணப்பம், பாஸ்புக் இவ்வளவுதான். காகிதம் சரியாக இருந்தால் 15 நாளுக்குள் முடித்துத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. நாமினியே இல்லையென்றால்தான் இ-சேவையில் வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப்போட்டு, விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து, தாசில்தார் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டிவரலாம். அப்பா பென்ஷன் வாங்கியவர் என்றால், இறந்த பிறகான நாட்களுக்கு விழுந்த தொகையைத் திரும்பக் கேட்பார்கள். எங்களிடமும் கேட்டார்கள்.

எங்கள் வீட்டில் நாமினி யார் தெரியுமா? ஆச்சி. அப்பா 1986இல் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால் திறந்த கணக்கு. தன் அம்மா பேரைக் கொடுத்திருக்கிறார், அப்புறம் முப்பத்துமூன்று வருடம் மாற்றவே இல்லை. "நாமினிக்குத்தான் பணம் சொந்தம்" என்று சித்தப்பா ஆச்சியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அது தப்பு. நாமினி பணத்தை வாங்கிக் கொடுக்கும் கைதான், சொந்தக்காரர் அல்ல என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் ஆச்சிக்குப் பங்கே இல்லை என்று நாங்கள் நினைத்ததும் தப்பு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் மனைவி, மகன், மகளோடு அவரைப் பெற்ற தாயும் முதல் வகுப்பு வாரிசு. தகப்பன் அதில் வரமாட்டார், தாய் வருவாள். ஆக, பணம் நாலு பங்கு. ஆச்சி கணக்குக்குப் போன பணம் வெளியே வர எட்டு மாதம் ஆனது. அவள் பாவம், எதில் கைநாட்டு வைத்தோம் என்றுகூடத் தெரியாது. உங்கள் பாட்டி இருக்கிறார் என்றால் அவரையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று. அப்பாவின் சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருங்கள். வங்கி மெசேஜ், ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வரும். நான் விட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் நம்பரை முடக்கி வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

தங்கை இப்போது பேசுகிறாள், பிள்ளைகளின் பிறந்த நாளுக்கு, தீபாவளிக்கு. போன தீபாவளிக்குப் பேசும்போது, ஒரு நாள் ராத்திரி அப்பா நம்பருக்குச் சும்மா அடித்துப் பார்த்ததாகச் சொன்னாள். யாரோ ஒரு பையன் எடுத்து, "யாருக்கா வேணும்?" என்று கேட்டானாம். "ராங் நம்பர் தம்பி" என்று வைத்துவிட்டாளாம். அப்போதாவது மற்ற நம்பரைச் சொல்லியிருக்கலாம். கடையில் ஆள் வந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று நானும் வைத்துவிட்டேன்.