காணொளி அதிர்வது ஏன்?

கேள்வி: என்டிஎஸ்சி (அமெரிக்கா, ஜப்பானின் தொலைக்காட்சி முறை) முறையில் பதிவான காணொளியை பிஏஎல் (இந்தியா, ஐரோப்பாவின் பெரும்பகுதியின் முறை) டிவிடியாக மாற்றினேன். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகள் விட்டுவிட்டு அதிர்கின்றன. தவறு எங்கே?

பதில்: படத்தை 720×480 அளவிலிருந்து 720×576 ஆக்குவது எளிது. வினாடிக்கு 29.97 ஃபிரேம்களை (அசைவை உண்டாக்கும் தனித்தனிப் படங்களை) 25 ஆக்குவதே கடினம். உங்கள் மென்பொருள் ஏறக்குறைய ஆறில் ஒரு ஃபிரேமை நீக்கியிருக்கக்கூடும். அதனால்தான் அசைவு தடைபடுகிறது.

மூலம் திரைப்படமாக இருந்தால், 29.97-ஐ எட்டுவதற்காக இடையிடையே திரும்பச் சேர்க்கப்பட்ட ஃபீல்டுகளை (ஒன்றுவிட்டு ஒரு கோடு மட்டும் கொண்ட பாதிப் படங்களை) நீக்கி, அசல் 23.976 ஃபிரேம்களை மீட்டெடுத்து, அவற்றை 25-இன் வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரு ஃபிரேமும் இழப்பாகாது; படம் மட்டும் சுமார் 4 விழுக்காடு விரைவாக முடியும். ஒலியையும் அதே அளவு சுருக்கி, குரல் கீச்சென்று மாறாதபடி சுருதியைத் திருத்தி, 48 கிலோஹெர்ட்ஸில் சேமிக்க வேண்டும்.

வீடியோ கேமராப் பதிவுக்கு இவ்வழி பொருந்தாது. ஒரே ஃபிரேமில் கோடு மாற்றிக் கோடாகப் பின்னிய இரு ஃபீல்டுகளைப் பிரித்து வினாடிக்கு 59.94 முழு ஃபிரேம்களாக்கி, அளவை மாற்றி, 50 ஆகக் குறைத்த பிறகே மீண்டும் பின்ன வேண்டும். பிரிக்காமல் உயரத்தை மாற்றினால் இரு ஃபீல்டுகளின் கோடுகளும் கலந்து படம் பாழாகிவிடும்.

உங்கள் பிளேயரும் தொலைக்காட்சியும் என்டிஎஸ்சியை ஏற்குமானால், மாற்றாமல் அப்படியே எழுதுவதையே பரிந்துரைப்பேன்.