கணக்கில் விட்டுப்போன அம்மா

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்று நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். ஆண்டு வருமானம் 31,000 டாலர். என் மனைவி திருச்சியில் இருக்கிறார். மும்பையில் நடந்த குடியேற்ற விசா இன்டர்வியூவில், என் வருமானம் போதாது என்று 221(ஜி) சீட்டை (கூடுதல் ஆவணம் கேட்டு விசாவை நிறுத்திவைக்கும் சீட்டு) கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேருக்கு 26,437 டாலர் போதும் என்பதுதானே 2025 அளவு? அதிகாரி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. மனைவி அழுதுகொண்டே வந்தார். ஜாயின்ட் ஸ்பான்சராக, அதாவது என்னோடு சேர்ந்து பொறுப்பேற்பவராகக் கையெழுத்துப் போடுவதாக வாட்ஸ்அப்பில் எழுதிய சித்தப்பா இப்போது போனையே எடுப்பதில்லை. அவர்மேல் வழக்குப் போடலாமா? மாமனார் 20 லட்சம் கடன் வாங்கி என் கணக்கில் போட்டுக் காட்டலாம் என்கிறார். எனக்கு வேறு பொறுப்புகள் இல்லை. 2021இல் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்த அம்மாகூட டெக்சாஸில் அக்கா வீட்டில்தான் இருக்கிறார்.

பதில்: இத்தனையிலும் சட்டத்துக்கு வேண்டியது உங்கள் கடைசி வரி மட்டுமே. ஐ-864, அதாவது வருபவரை ஆதரிப்பேன் என்று ஸ்பான்சர் தரும் உறுதிப் படிவத்தில் கையெழுத்திட்டு நீங்கள் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தவர், அந்தப் பொறுப்பு முடியும்வரை உங்கள் குடும்ப எண்ணிக்கையில் வருவார். அவர் யார் வீட்டில் இருக்கிறார், யார் சோறு போடுகிறார் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. நீங்கள், மனைவி, அம்மா என்று மூன்று பேர். 2025 அளவில் மூவருக்கு 33,312 டாலர் வேண்டும். உங்களுக்குக் குறைவது 2,312.

அதிகாரி நடந்துகொண்ட விதத்தை விடுங்கள், அதற்குப் பரிகாரம் கிடையாது. சித்தப்பா விஷயமும் அப்படித்தான். ஐ-864இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரே விசா வழங்கப்படும் முன் எழுத்துமூலம் விலகிக்கொள்ளலாம். வாட்ஸ்அப் செய்தி எம்மாத்திரம்? மேலும், அவர் வருமானத்தை உங்களுடையதோடு கூட்ட மாட்டார்கள். அவருடைய குடும்பம் நான்கு பேர் என்றால், உங்கள் மனைவியையும் சேர்த்து ஐந்து பேருக்கான 47,062 டாலரை அவர் ஒருவரே காட்ட வேண்டும்.

அவர் ஏன் ஒளிகிறார் என்று எனக்குப் புரிகிறது. ஐ-864 ஒரு சிபாரிசுக் கடிதம் அல்ல, அமெரிக்க அரசோடு செய்யும் ஒப்பந்தம். உங்கள் மனைவி குடியுரிமை பெறும்வரை, அல்லது 40 காலாண்டு உழைப்பு அவர் பெயரில் சேரும்வரை, அல்லது கிரீன் கார்டை விட்டு நாட்டைவிட்டே போகும்வரை, அல்லது இறக்கும்வரை அது உயிரோடு இருக்கும். விவாகரத்தால் அது முடியாது. விவாகரத்தான பிறகும் அமெரிக்க அரசின் வறுமைக்கோட்டில் 125 சதவீத அளவுவரை (மேலே சொன்ன வருமான அளவுகளும் அதுதான்) ஆதரவு கேட்டு அவர் வழக்குத் தொடுக்கலாம். உங்கள்மேலும் தொடுக்கலாம், சித்தப்பாமேலும் தொடுக்கலாம். ‘வேலை தேடாமல் உட்கார்ந்திருக்கிறார்’ என்ற வாதம் 2012இல் ஏழாவது சர்க்யூட் என்ற அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் எடுபடவில்லை. கல்யாணத்துக்கு முன் எழுதி வாங்கிய ஒப்பந்தமும் இந்தப் பொறுப்பை நீக்காது என்று 2016இல் ஒன்பதாவது சர்க்யூட் சொல்லிவிட்டது. ஆகவே சித்தப்பாவைக் கூப்பிட்டு, ‘உங்கள் கையெழுத்து வேண்டாம்’ என்று சொல்லிச் சமாதானமாகிவிடுங்கள். உண்மையிலேயே அது வேண்டியதும் இல்லை.

ஏனென்றால் குறையைச் சொத்தால் நிரப்பலாம். ஸ்பான்சர் அமெரிக்கக் குடிமகன், வருபவர் மனைவி என்றால் குறைவதைப் போல மூன்று மடங்கு சொத்து போதும் (கிரீன் கார்டுக்காரர் மனைவியை அழைத்தால் ஐந்து மடங்கு). 2,312 பெருக்கல் மூன்று, 6,936 டாலர். ஒரு வருடத்துக்குள் பணமாக்கக் கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் சேமிப்பு மட்டுமல்ல, மனைவி பெயரில் திருச்சி வங்கியில் இருக்கும் வைப்புத்தொகையும் செல்லும். அதற்கு 12 மாத வங்கி அறிக்கையை வைத்து, டாலர் மதிப்பையும் எழுதுங்கள்.

இந்த இடத்தில்தான் ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். இன்டர்வியூவுக்கு மூன்று வாரம் முன்பு கணக்கில் திடீரென்று 20 லட்சம் வந்து உட்கார்ந்தால், எங்கிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி. கடன் வாங்கிய பணம் சொத்து அல்ல. அதைச் சொந்தப் பணம் என்று கன்சல் அதிகாரியிடம் நீட்டப் போவது நீங்கள் அல்ல, உங்கள் மனைவி. பொய்யான தகவல் என்று முடிவானால் நிரந்தரத் தடை விழுவதும் அவர்மேல்தான். விலக்கு கேட்க வழி உண்டு. அதில் வருடங்கள் போகும். மாமனார் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து திரும்பக் கேட்காமல் தருகிறார் என்றால் அது வேறு. அன்பளிப்புக் கடிதமும் பணம் வந்த தடமும் இருந்தால் கணக்கில் வரும்.

‘அம்மாவின் கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால்?’ என்று அடுத்துக் கேட்பீர்கள். 2,312 டாலருக்காக அம்மாவை நாட்டைவிட்டு அனுப்பாதீர்கள். அவர் குடியுரிமை பெறும் நாளில் தானாகவே உங்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்.

இனிச் செய்ய வேண்டியது, அம்மாவையும் எண்ணி ஒரு புதிய ஐ-864. அதோடு ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தரும் வரிக்கணக்கு டிரான்ஸ்கிரிப்ட், நடப்புச் சம்பளத்தைச் சொல்லும் நிறுவனக் கடிதம், ஆறு மாதச் சம்பளச் சீட்டு, சொத்து ஆவணங்கள். முன்பே ஸ்பான்சர் செய்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் பழைய படிவத்தில் பூஜ்யம் போட்டிருப்பீர்கள். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட படிவம் அது. அவர்கள் கேட்கும் முன் நீங்களே இரண்டு வரியில் திருத்தம் எழுதி இணையுங்கள். புலம்பல், சித்தப்பா கதை எதுவும் அதில் வேண்டாம். 221(ஜி) சீட்டுக்குப் பதில் கொடுக்க ஒரு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் மனைவியின் மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் ஆறு மாதம்தான் செல்லும். அந்தத் தேதியைப் பார்த்து அனுப்புங்கள்.