ஊர்ப்பெயர்க் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஊர் ‘வலசு’ என்று முடிகிறது. பறவைகள் வலசை வந்த இடமா?

பறவை இல்லை, ஆட்கள். இடம்பெயர்ந்து போவதற்கும் வலசை என்றுதான் பெயர். ஈரோட்டுப் பக்கம் இப்படி முடிகிற சிற்றூர்கள் நிறைய. குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்று பாட்டியிடம் கேளுங்கள், வந்த வழி பிடிபடலாம்.

கேள்வி: பட்டி?

ஆடுமாடு அடைக்கும் இடம். அப்புறம் அதையொட்டி எழுந்த குடியிருப்புக்கும் அதே பெயர்.

கேள்வி: எங்கள் ஊர் ஏதோ ‘சமுத்திரம்’. ஒரு காலத்தில் கடல் இருந்ததாம், உண்மையா?

இல்லை. பெரிய ஏரி வெட்டியவர்கள் அதைக் கடலாக நினைத்துச் சமுத்திரம் என்று பெயர் வைத்தார்கள், ஏரியின் பெயர் ஊருக்கு வந்தது. அம்பாசமுத்திரமும் ரவணசமுத்திரமும் மலையடிவாரத்தில் இருக்கின்றன. ஹொய்சளர் தலைநகரான துவாரசமுத்திரம், இன்றைய ஹளேபீடு, கர்நாடக மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கேயும் ஏரிதான் காரணம். ஒலியை வைத்துக் கதை கட்டாதீர்கள்.

கேள்வி: பாளையம் என்றால்?

படை தங்கிய இடம். நாயக்கர் காலத்தில் பாளையக்காரரின் ஆட்சிப்பகுதியும் பாளையம்தான்.

கேள்வி: எங்கள் ஊரும் பாளையம்தான், பொருள் என்ன?

மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சமுத்திரம் கேட்டவன்தான். குளத்துக்குள் சிப்பி கிடைக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நன்னீரிலும் மட்டி, நத்தை உண்டு. தண்ணீர் வற்றினால் அந்த ஓடுதான் சேற்றில் கிடக்கும். சிப்பியை விடுங்கள், மடைக்குப் போங்கள். பழைய ஏரியாக இருந்தால் குமிழித்தூம்பின், அதாவது ஏரித் தண்ணீரைத் திறந்துவிடும் பழங்கால மதகின், கல்தூணில் எழுத்து இருக்கலாம், வெட்டியவர் பெயரோ ஏரியின் பெயரோ அதில் கிடைத்தால் உங்கள் ஊரின் கதையே அதுதான். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் பாருங்கள், நடுப்பகலில் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்பு பூசாதீர்கள், கம்பித் தூரிகையால் தேய்க்காதீர்கள், ஒருமுறை தேய்ந்த எழுத்து திரும்ப வராது.

கேள்வி: பெயரை மாற்ற யாரிடம் மனு கொடுப்பது?

என் துறை இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் சிற்றூரின் பெயர் பழைய பதிவேட்டில் இல்லை. பெயரே புதிதா?

அப்படி முடிவு கட்டாதீர்கள். குக்கிராமம் தாய்க்கிராமத்தின் பெயரில்தான் பதிவாகியிருக்கும், அந்தப் பெயரில் தேடுங்கள். பெயர் மொழிமாறியும் போயிருக்கலாம். தேவாரம் பாடிய முதுகுன்றம் இன்று விருத்தாசலம். விருத்தம் என்றால் முதுமை, அசலம் என்றால் மலை. இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் தேவாரத்தில் அந்த ஊர் அகப்படுமா?

கேள்வி: சமுத்திரம்தான் மறுபடியும். மடையில் ஒரு தூண் சாய்ந்து கிடக்கிறது, ஏதோ கோடு கோடாகத் தெரிகிறது.

நிமிர்த்தாதீர்கள். தண்ணீர் மட்டும் ஊற்றி மண்ணைக் கழுவிவிட்டு, நாளை காலை வெயில் ஏறுவதற்குள் நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.