விடியலுக்கு முன் வாசலில்: ஈநாடு நாளிதழ் பற்றிய கேள்வி பதில்

தெலுங்கு நாளிதழ்களில் பல ஆண்டுகள் செய்திப் பிரிவில் பணியாற்றிய ஒருவரிடம், ஈநாடு நாளிதழின் வளர்ச்சியைப் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவர் அளித்த பதில்களும்.

கேள்வி (வேலூர் வாசகர்): ஐயா, 'ஈநாடு' என்ற பெயருக்கு என்ன பொருள்?

பதில்: தெலுங்கில் 'ஈ' என்பது 'இந்த' என்னும் சுட்டு. 'நாடு' என்ற சொல்லுக்கு நாள் என்றும் பொருள் உண்டு, தேசம் என்றும் பொருள் உண்டு. நாம் இந்நாள், இந்நாடு என்று இரண்டாகச் சொல்வதை அவர்கள் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். சுடச்சுடச் செய்தி, சொந்த மண்ணின் செய்தி என்ற இரண்டாலுமே அந்த இதழ் வளர்ந்தது என்பதால், இதைவிடப் பொருத்தமான பெயர் அதற்கு அமைந்திருக்காது.

கேள்வி (மதுரையிலிருந்து இதழியல் மாணவி): ஹைதராபாத்தும் விஜயவாடாவும் இருக்க, விசாகப்பட்டினத்தில் தொடங்கியது ஏன் ஐயா?

பதில்: நல்ல கேள்வி அம்மா. இதன் விடையில்தான் மற்ற எல்லாமே இருக்கிறது. தெலுங்கு நாளிதழ்களின் தொடக்ககால வரலாறு பெருமளவு சென்னையில் நிகழ்ந்தது. காசிநாதுனி நாகேஸ்வர ராவின் ஆந்திர பத்ரிகா 1914 முதல் நாளிதழாக இங்கிருந்துதான் வந்தது. 1938இல் தொடங்கிய ஆந்திர பிரபாவும் சென்னையில் பிறந்ததே. மொழிவாரி மாநிலம் அமைந்த பிறகு அச்சுத் தொழிலின் மையம் விஜயவாடாவுக்கு நகர்ந்தது. அங்கே அச்சான இதழ் ஏறத்தாழ 350 கிலோமீட்டர் பயணம் செய்து விசாகப்பட்டினத்தை அடையும்போது காலைப் பொழுது கழிந்திருக்கும். துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும் கொண்டு வேகமாக வளர்ந்த ஒரு நகரம், அன்றைய செய்தியை மதிய உணவோடு படித்துக்கொண்டிருந்தது. அந்த இடைவெளியைக் கண்ட ராமோஜி ராவ், 1974 ஆகஸ்ட் 10 அன்று ஈநாடுவை அங்கே தொடங்கி, பொழுது விடிவதற்குள் இதழை வாசலில் சேர்ப்பதையே முதல் வாக்குறுதியாக வைத்தார். 1975இல் ஹைதராபாத், 1978இல் விஜயவாடா, 1982இல் திருப்பதி என்று ஊர் ஊராக அச்சகம் சென்றதற்கும் இதுவே காரணம்.

திருப்பதியில் நான் வேலை பார்த்த நாட்களில், இரவுப் பணி முடிந்து பேருந்து நிலையத்தில் தேநீர் குடிக்கும்போது இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். முதல் பேருந்தின் கூரையில் ஏறுவதற்காகக் கட்டுகள் காத்திருக்கும். சரட்டை அவிழ்த்து எண்ணும் முகவரின் கட்டைவிரலில் மை ஒட்டும், ஏனென்றால் தாள் இன்னும் முழுதாக உலர்ந்திருக்காது. ஒரு கட்டு அந்தப் பேருந்தைத் தவறவிட்டால், அன்று ஒரு மலையோரக் கிராமத்துக்குச் செய்தி இல்லை.

கேள்வி (கோவை வாசகர்): ராமோஜி ராவுக்கு ஏற்கெனவே பத்திரிகை அனுபவம் இருந்ததா?

பதில்: வியாபார அனுபவம்தான் முதன்மையானது. 1962இல் மார்கதர்சி சீட்டு நிறுவனம், 1969இல் விவசாயிகளுக்கான அன்னதாதா மாத இதழ். இளமையில் டில்லியில் விளம்பரத் துறையிலும் வேலை பார்த்தவர். யார் எதற்குப் பணம் கொடுப்பார்கள் என்பதும், கிராமத்தவருக்கு எது தேவை என்பதும் தெரிந்த பின்பே நாளிதழுக்கு வந்தார்.

கேள்வி (திருச்சி வாசகர்): மாவட்டத்துக்கு ஒரு சிறு இதழை உள்ளே வைத்துத் தரும் முறை எப்படி வேலை செய்கிறது?

பதில்: 1989 முதல், முதன்மை இதழோடு அந்தந்த மாவட்டத்துக்கென்று பாதி அளவுள்ள சிறு இதழும் சேர்த்து மடிக்கப்பட்டது. 1985இல் என்.டி. ராமராவ் அரசு, தாலுகாக்களுக்குப் பதிலாகச் சிறு நிர்வாகப் பகுதிகளை அமைக்கும் மண்டல் முறையைக் கொண்டுவந்திருந்தது. ஏறக்குறைய மண்டலுக்கு ஒருவர் என்று பகுதிநேரச் செய்தியாளர்கள் அமர்த்தப்பட்டார்கள். அவர்களைக் 'கான்ட்ரிபியூட்டர்' என்றே தெலுங்கிலும் சொல்வார்கள். குடிநீர்க் குழாய் உடைந்தது, பள்ளியில் ஆசிரியர் இல்லை, ஏரிக்கரை கசிகிறது என்பவையெல்லாம் அச்சில் வந்தன. தன் ஊரின் பெயரை அச்சில் பார்த்தவர் மறுநாளும் இதழ் வாங்கினார். மாநிலம் முழுவதற்கும் விளம்பரம் கொடுக்க வசதியில்லாத அனகாபல்லி ஜவுளிக்கடைக்காரர், தன் மாவட்டத்துக்கு மட்டும் குறைந்த செலவில் விளம்பரம் கொடுக்க முடிந்தது. அந்தச் சில்லறை விளம்பரங்களே இந்த முறையைத் தாங்கின.

குறையையும் சொல்ல வேண்டும். கான்ட்ரிபியூட்டருக்குக் கிடைத்த ஊதியம் மிகக் குறைவு. பல இடங்களில் செய்தி எழுதுபவரே விளம்பரமும் திரட்ட வேண்டியிருந்தது. விளம்பரம் தந்த ஒப்பந்தக்காரரின் சாலை குழியாகக் கிடந்தால் அதை அவர் எப்படி எழுதுவார்? மேலும், ஒரு மாவட்டத்தின் துயரம் பக்கத்து மாவட்டத்தை எட்டாமலே போயிற்று. இவ்விரண்டும் என்னை இன்றும் வருத்துகின்றன.

கேள்வி (சேலம் வாசகர்): என்.டி. ராமராவை முதலமைச்சராக்கியது ஈநாடுதான் என்கிறார்களே?

பதில்: அது மிகை. 1978 தேர்தலுக்குப் பின் ஐந்தாண்டுக்குள் காங்கிரஸ் நான்கு பேரை அடுத்தடுத்து முதலமைச்சராக்கியிருந்தது. மக்களிடம் கோபம் ஏற்கெனவே இருந்தது. 1982 மார்ச்சில் ராமராவின் தெலுங்கு தேசம் கட்சி பிறந்ததும், அந்தக் கோபத்துக்குத் தினமும் முதல் பக்கம் கொடுத்தது ஈநாடு. அவர் வேனில் ஊர் ஊராகச் சென்ற பயணத்தை, போகாத ஊர்களிலும் மக்கள் மறுநாள் காலையில் படித்தார்கள். ஒன்பதே மாதங்களில் ஒரு புதிய கட்சி ஆட்சியைப் பிடித்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் 1995 ஆகஸ்ட்டில் சந்திரபாபு நாயுடு தம் மாமனார் ராமராவிடமிருந்து ஆட்சியைக் கைப்பற்றியபோது, அதே இதழ் நாயுடுவின் பக்கம் நின்றது.

கேள்வி (நாகர்கோவிலிலிருந்து ஆசிரியை): சாராய எதிர்ப்புப் போராட்டத்தில் அதன் பங்கு என்ன?

பதில்: என் கணிப்பில் அந்த இதழ் செய்த மிக நல்ல காரியம் அதுதான் அம்மா. நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயக் கடையை மூட வைத்த கதை, வயது வந்தோருக்கான பாடநூலில் ஒரு பாடமாக இடம்பெற்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பெண்கள் அதைப் படித்துத் தங்கள் ஊரிலும் எழுந்தார்கள். 1992இல் சாராய ஏலங்களையே தடுத்து நிறுத்தினார்கள். ஈநாடு இதற்கென்றே தனிப் பக்கம் ஒதுக்கி, எந்த ஊரில் யார் என்ன செய்தார்கள் என்று நாள்தோறும் வெளியிட்டது. ஒரு ஊரின் செய்தி அடுத்த ஊருக்குத் துணிவானது. 1993 அக்டோபர் 1 முதல் சாராயம் மாநிலமெங்கும் தடை செய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. அது 1997இல் தளர்த்தப்பட்டதைப் பற்றியும் அதே அளவு தீவிரத்தோடு அந்த இதழ் எழுதியிருக்க வேண்டும் என்று நான் அன்றே நினைத்தேன்.

கேள்வி (சென்னை வாசகர்): சாட்சி நாளிதழ் வந்த பின் நிலைமை மாறியதா?

பதில்: மாறியது. முதலமைச்சராக இருந்த ராஜசேகர ரெட்டி, ஈநாடுவையும் ஆந்திர ஜோதியையும் பெயர் சொல்லாமல் 'அந்த இரண்டு பத்திரிகைகள்' என்றே மேடைகளில் குறிப்பிடுவார். 2008 மார்ச்சில் அவர் மகன் ஜகன்மோகன் தொடங்கிய சாட்சி, ஒரே நாளில் 23 பதிப்புகளோடு எல்லாப் பக்கமும் வண்ணத்தில் வந்தது. அதன் பிறகு ஒரே சம்பவத்துக்கு இரு இதழ்களில் இரு உண்மைகள் என்ற நிலை வந்தது. நடுவில் நிற்க விரும்பும் வாசகர் இரண்டையும் வாங்க வேண்டியிருக்கிறது.

கேள்வி (ஓசூர் வாசகர்): வீட்டில் தெலுங்கு பேசுவோம், எழுத்து தெரியாது. ஈநாடுவை வைத்துப் படிக்கக் கற்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். தலையங்கத்தில் தொடங்காதீர்கள், அதில் வடமொழிச் சொற்கள் அதிகம். மாவட்டப் பக்கத்தில் தொடங்குங்கள். அங்கே ஊர்ப் பெயர்களும் ஆள் பெயர்களும் நிறைய வரும் என்பதால், எழுத்தை ஊகித்துச் சரிபார்க்கலாம். மெய்யெழுத்தின் கீழே தொங்கும் 'ஒத்து' வடிவங்கள் முதல் இரண்டு வாரம் தடுமாற வைக்கும். 'வார்த்த' என்று வந்தால் நம் 'வார்த்தை' என்று எண்ணிவிடாதீர்கள், அங்கே அதற்குச் செய்தி என்று பொருள். 'சங்கதி' மட்டும் இரு மொழியிலும் சங்கதிதான். அதை முதலில் எழுத்துக் கூட்டிப் பாருங்கள்.