மன்னிப்பு எதற்காகக் கேட்டீர்கள்?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. பள்ளித் தோழிகள் நால்வருடன் சேர்ந்து, எங்கள் பகுதிச் செய்திகளைத் திரட்டி, மாதம் ஒருமுறை எட்டுப் பக்கத்தில் மாணவர் இதழ் ஒன்றைக் கொண்டுவருகிறாள். சென்ற மாதம் உள்ளாட்சி மன்றத் தலைவரைப் பேட்டி காணப் போனவள், மூடிக் கிடக்கும் நூலகத்தைத் திறக்க மன்றம் இரண்டு முறை தீர்மானம் போட்டும் ஏன் திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறாள். ‘கோப்பைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று அவர் சொன்னதை, ‘பதில் அளிக்க மறுத்தார்’ என்று இதழில் போட்டுவிட்டாள். வயதுக்கு மீறிய கேள்வி என்று தலைவர் வருத்தப்பட்டதாகக் காதில் விழுந்ததும், நமக்கும் அங்கே ஒரு கட்டட அனுமதி நிலுவையில் இருக்கிறதே என்று, அன்று மாலையே நான் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மகளுக்கு இது தெரியாது. அடுத்துக் காவல் ஆய்வாளரைப் பேட்டி எடுக்கப் போவதாகச் சொல்கிறாள். படிப்பும் கெடாமல், அவள் மனமும் நோகாமல், இதிலிருந்து அவளை எப்படி விலக்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத தந்தை

பதில்: பிள்ளை பத்திரிகை நடத்துகிறது, பயமாக இருக்கிறது என்று எழுதும் பெற்றோரின் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. படிப்பில் தொடங்கி, பெரிய மனிதர்களின் பகை நமக்கு எதற்கு என்பதில் அவை முடியும். உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் படித்துக்கொண்டு வந்தேன். ‘மகளுக்கு இது தெரியாது’ என்ற மூன்று சொற்களுக்கு வந்ததும் மேலே போக முடியவில்லை. ஒரு முற்றுப்புள்ளிக்குப் பின்னால், போகிற போக்கில் அதை எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்த மாலையைப் பற்றிப் பேச வேண்டும்.

எதற்காக மன்னிப்புக் கேட்டீர்கள்? மன்றம் கூடிப் போட்ட தீர்மானம் ஏன் கிடப்பில் கிடக்கிறது என்று கேட்க வாக்குரிமை வயது வர வேண்டியதில்லை. நூலகம் மூடிக் கிடந்தால் முதலில் நஷ்டப்படுகிறவர்கள் அவள் வயதுப் பிள்ளைகள்தான். 1989-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, தகவலைத் தேடவும், பெறவும், பிறருக்குத் தெரிவிக்கவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்று சொல்கிறது. 2009-இல் டேமன் வீவர் என்ற 11 வயதுச் சிறுவன் வெள்ளை மாளிகைக்கே போய் அதிபர் ஒபாமாவைப் பேட்டி கண்டான். அவரும் அவன் எதிரே உட்கார்ந்து பதில் சொன்னார். உங்கள் மன்றத் தலைவருக்கு 16 வயது போதாது என்றால், அந்தக் குறை அவருடையது. அதற்கு நீங்கள் ஏன் தலை குனிந்தீர்கள்?

காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்: கட்டட அனுமதி. மகள் மரியாதைக் குறைவாகப் பேசினாள் என்று கடிதத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. உங்கள் கோப்பு நகர வேண்டும் என்பதற்காக அவளுடைய கேள்வியைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ‘சின்னப் பிள்ளை, ஏதோ தெரியாமல் கேட்டுவிட்டாள்’ என்று நீங்கள் சொல்லியிருப்பீர்கள். ‘அதனால் என்ன, நம் வீட்டுப் பிள்ளைதானே’ என்று அவரும் பெருந்தன்மையாக உங்கள் தோளைத் தட்டி அனுப்பியிருப்பார். அத்தோடு நூலகப் பேச்சு முடிந்தது. இனி அந்தப் பெண் எந்தக் கேள்வியோடு வந்தாலும், யாரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

2017-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், பிட்ஸ்பர்க் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், தங்கள் பள்ளிக்குப் புதிதாக நியமிக்கப்பட்ட முதல்வரின் கல்வித் தகுதியைத் தங்கள் இதழுக்காகச் சரிபார்க்கத் தொடங்கினார்கள். அவர் பட்டம் பெற்றதாகச் சொன்ன பல்கலைக்கழகத்தைப் பற்றித் தேடத் தேடச் சந்தேகம் வலுத்தது. அவரிடமே கேட்டார்கள், பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அதை அப்படியே எழுதினார்கள். கட்டுரை வெளிவந்த சில நாட்களில் அவர் பதவி விலகினார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் மாணவர்களின் துணிச்சலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது இன்னொன்று. இதழுக்கு வழிகாட்டிய ஆசிரியை, அந்த முதல்வரைத் தேர்ந்தெடுத்த குழுவில் தாமும் இருந்தவர் என்பதால், இந்தச் செய்தியில் தாம் தலையிடக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்கு வெளியிலிருந்து ஆலோசனை கிடைக்கச் செய்தார். உங்களுக்கும் அந்த மன்றத்தில் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. இப்படித் தனக்கும் ஒரு தொடர்பு இருப்பதைக் காரணமாக வைத்து அந்த ஆசிரியை விலகி நின்றார். அதையே காரணமாக வைத்து நீங்கள் நடுவில் புகுந்தீர்கள்.

மகளிடமும் ஒரு தப்பு இருக்கிறது, அதை மூடி மறைக்க மாட்டேன். ‘பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்றவர் மறுத்தவர் ஆக மாட்டார். எந்தத் தேதிக்குள் சொல்வீர்கள் ஐயா என்று அங்கேயே கேட்டு, அந்தத் தேதியை அவர் கண்ணெதிரே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அன்றைக்கு மறுபடி அழைத்து, அப்போதும் பதில் இல்லையென்றால் ‘இதழ் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை’ என்று எழுதியிருக்க வேண்டும். ஒற்றைச் சொல்லின் வேறுபாடுதானே என்று அவள் சொல்லக்கூடும். அந்த ஒற்றைச் சொல்லில்தான் தலைவருக்கு நியாயமாக வருத்தப்பட இடம் கிடைக்கிறது, நியாயமான கேள்வியும் அதனால்தான் அடிபட்டுப்போகிறது. அடுத்த இதழில், அதே பக்கத்தில், கண்ணில் படும் எழுத்தில் அவள் திருத்தம் போடட்டும். வருத்தம் தெரிவிக்க வேண்டிய இடம் அது, தெரிவிக்க வேண்டியவளும் அவளே. நீங்கள் என்ன செய்தீர்கள் பாருங்கள்: பிழையை விட்டுவிட்டு, பிழையே இல்லாத கேள்விக்காகக் கை கூப்பிவிட்டு வந்தீர்கள்.

செய்தித் துறையில் நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், ஓர் அதிகாரியிடம் நான் கேட்ட கேள்விக்காக, எனக்கு மேலே இருந்தவர் எனக்குத் தெரியாமல் அவரிடம் வருத்தம் தெரிவித்திருந்தார். மாதங்கள் கழித்து அந்த அதிகாரியே சிரித்துக்கொண்டு அதை என்னிடம் சொன்னார். அன்று நான் கேட்ட கேள்வியே இன்று சரியாக நினைவில்லை. அந்தச் சிரிப்பு நினைவிருக்கிறது. உங்கள் மகளுக்கும் ஒருநாள் அந்த மன்றத்தில் யாராவது ஒருவர் சொல்லத்தான் போகிறார். அதற்குள் நீங்கள் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் பணிவாகப் பேசக் கற்றுக்கொடுப்பது தந்தையின் கடமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மகளின் முதுகுக்குப் பின்னால் அவள் பெயரை அடகு வைக்கும் உரிமையை எந்தக் குடும்பமும் எந்தத் தந்தைக்கும் கொடுக்கவில்லை.

அவளை விலக்கும் வழியை நான் சொல்லப்போவதில்லை. இன்றிரவே அவளிடம் நடந்ததைச் சொல்லுங்கள், கட்டட அனுமதியையும் சேர்த்து. கோபப்படுவாள், பட்டுக்கொள்ளட்டும், சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள். பிறகு போன வழியிலேயே தலைவர் வீட்டுக்குப் போய், ‘அன்று நான் கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெறுகிறேன், மகளின் பிழையை அவளே இதழில் திருத்துவாள், கேள்வி அப்படியேதான் நிற்கிறது’ என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் கோப்பு ஒரு மாதம் தாமதமானால் ஆகட்டும். முறைப்படி கொடுத்த விண்ணப்பம் முறைப்படியே வரட்டும்.

காவல் ஆய்வாளரின் பேட்டிக்கு உங்களால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவள் தனியாகப் போகாமல் தோழி ஒருத்தியோடு, அலுவலக நேரத்தில், அலுவலகத்திலேயே சந்திக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒலிப்பதிவு செய்வதாகச் சொல்லிவிட்டு, கைபேசியை மேசை மேல் தெரியும்படி வைக்கட்டும். ‘இதைப் போடாதே’ என்பதை, செய்தியைச் சொல்வதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும், சொல்லி முடித்த பிறகு கேட்டால் கட்டுப்பட வேண்டியதில்லை என்பதை அவருக்கு முதலிலேயே தெரிவிக்கட்டும். அவர் சொன்ன வரிகளை அவருக்கே படித்துக் காட்டலாம். முழுக் கட்டுரையையும் ஒப்புதலுக்குக் கொடுக்க வேண்டாம். அன்று வண்டியில் கொண்டுபோய் வாசலில் இறக்கி விடுங்கள், அவர்கள் வெளியே வரும்வரை அங்கேயே காத்திருங்கள். உள்ளே மட்டும் போகாதீர்கள்.