560008 எந்த வகை எண்?

கேள்வி: "பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம், பின்கோடு 560008. கணக்குப்படி இந்த எண்ணுக்கு ஏதாவது சிறப்பு உண்டா?"

உண்டு. அதைப் பார்க்க முதலில் காரணிப்படுத்த வேண்டும். கடைசி மூன்று இலக்கம் 008 என்பதால் 8-ஆல் வகுபடும்: 560008 = 8 × 70001.

70001 பகா எண்தானா? இந்த இடத்தில் பலர் 560008-இன் வர்க்கமூலமான 748 வரைக்கும் வகுத்துப் பார்த்து வேலையைக் கூட்டிக்கொள்கிறார்கள். 8-ஐ வெளியே எடுத்தாயிற்று, இனி 70001-இன் வர்க்கமூலம் (264.6) வரை பார்த்தால் போதும். 263 வரை உள்ள 56 பகா எண்களில் ஒன்றுகூட அதை வகுப்பதில்லை. ஆகவே அது பகா எண்தான்.

காரணிகள் மொத்தம் எட்டு: 1, 2, 4, 8, 70001, 140002, 280004, 560008. கூட்டினால் 15 × 70002 = 1050030. அதில் அந்த எண்ணையே கழித்தால் 490022, அதாவது 560008-ஐவிடக் குறைவு. இப்படிப்பட்டதைக் குறைவெண் என்பார்கள். 8-ஐ ஓர் ஒற்றைப்படைப் பகா எண் p-ஆல் பெருக்கினால் காரணிகளின் கூட்டுத்தொகை 15p + 15. நிறைவெண்ணாக (தன்னைத் தவிர்த்த காரணிகளின் கூட்டல் தனக்கே சமமான எண்) இருக்க அது 8p-இன் இரு மடங்கு, அதாவது 16p ஆக வேண்டும். p = 15 என்றால்தான் நடக்கும், 15 பகா எண் இல்லையே! p 13 வரை இருந்தால் மிகையெண் (அந்தக் கூட்டல் எண்ணைவிட அதிகம்), 17-இலிருந்து எல்லாமே குறைவெண்.

இலக்கங்களைக் கூட்டிப் பார்க்கும் விளையாட்டுகளில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு கிடையாது. பத்தடிமான முறையை மாற்றினால் அவையும் மாறிவிடும். (கூட்டுத்தொகை 19, அது 560008-ஐ வகுப்பதும் இல்லை.) எனக்குப் பிடித்தது வேறொன்று. 70001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1. அப்படிப்பட்ட பகா எண் எதுவானாலும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில் எழுதலாம் என்பது ஃபெர்மா சொல்லி ஆய்லர் நிரூபித்த தேற்றம்.

தேடுவதும் சுலபம். ஒரு வர்க்கம் இரட்டைப்படை, மற்றது ஒற்றைப்படை. 70001-ஐ 8-ஆல் வகுத்தாலும் மீதி 1தான். ஒற்றைப்படை வர்க்கத்துக்கும் அதே மீதி. எனவே இரட்டைப்படை எண் 4-இன் மடங்கு. கடைசி இலக்கத்தைப் பார்த்தால் அது 0, 4, 6-இல்தான் முடிய முடியும். மேலிருந்து இறங்கினால் முதலில் 264: மீதம் 305, வர்க்கமில்லை. அடுத்தது 260: மீதம் 2401, அது 49-இன் வர்க்கம்!

இனி 260-ஐயும் 49-ஐயும் கூட்டினால் 309, கழித்தால் 211. (a+b)² + (a−b)² = 2(a² + b²) என்பதால் இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 2 × 70001. இரண்டையும் இரட்டித்தால் 618, 422; கூட்டல் நான்கு மடங்காகி 8 × 70001 ஆகும். 618² + 422² = 381924 + 178084 = 560008.

பெங்களூரிலேயே உள்ள ஹெப்பாலின் பின்கோடு 560024-ஐயும் இதே மாதிரி செய்து பாருங்கள். அது 8 × 70003. 70003-உம் பகா எண், 70001-இன் இரட்டைப் பகா எண் (இரண்டுக்கும் வித்தியாசம் 2தான்). காரணிகள் எட்டு, குறைவெண் என்பது வரை எல்லாம் ஒன்றுதான். ஆனால் 70003-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3 வருகிறது; அப்படிப்பட்ட பகா எண் ஒரே ஒரு முறை காரணியாக வருவதால் 560024-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது.